டாக்டர் மேஜையில் பதினோரு ஜோடி செருப்பு

போன செவ்வாய்க்கிழமை, அட்டைப்பெட்டி நிறையப் பழைய செருப்புகளைத் தூக்கிக்கொண்டு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குள் போனேன். வாசலில் செக்யூரிட்டி பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"ரிப்போர்ட்டுங்க," என்றேன்.

கூட வந்த என் மகள் எஸ்தர், என்னை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பது மாதிரி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். முப்பத்தொரு வயது. எல்.கே.ஜி. டீச்சர்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. ஆள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிற ஜென்மம். ஆனால் எஸ்தரின் இடுப்பைப் பற்றி இங்கே ஒருநாளும் எழுதியதில்லை. எழுதினால் கண் பட்டுவிடுமோ என்று பயம். சர்ச்சுக்குப் போகிறவள் இப்படிச் சொல்லலாமா? சொல்லக்கூடாதுதான்...

எஸ்தருக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பஸ் விபத்து. இடது தொடை எலும்பு இடுப்புக்கிட்டே உடைந்தது. ரத்த ஓட்டம் நின்று, பந்து மாதிரி இருக்கும் எலும்பின் தலை செத்துப்போனது. செயற்கை மூட்டு வைத்தார்கள். ஆறே மாதத்தில் அது இரண்டு தடவை கழன்றது. முதல் தடவை, முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு எழுந்தபோது. இரண்டாவது தடவை, விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தபோது. 'டொக்' என்று ஒரு சத்தம்... அப்புறம் அவள் அலறல். இன்றைக்கும் வீட்டில் யாராவது சோப்பைக் கீழே போட்டால் நான்தான் ஓடிப்போய் எடுப்பேன்.

அப்போதுதான் டாக்டர் வேறொரு மூட்டைப் பற்றிச் சொன்னார். டூயல் மொபிலிட்டி என்று பெயர். பிரான்ஸ்காரர்கள் யோசித்தது. சின்னதாக ஒரு பந்து. அதைக் கவ்விக்கொண்டு ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்து. அந்தப் பெரிய பந்தும் ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் சுழலும். பந்துக்குள் பந்து! ஒன்று திரும்பியது போதாவிட்டால் இன்னொன்று திரும்பிக் கொடுக்கும். அதனால் லேசில் கழலாது.

"எத்தனை வருஷம் வரும் டாக்டர்?"

"இந்த வயசுப் பொண்ணுக்கு உறுதியா யாரும் சொல்ல முடியாதும்மா. பிளாஸ்டிக் தேயலாம். உள்பந்து வெளிய வந்துடலாம். கிண்ணம் ஆடலாம். வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க. இவ நடந்து நடந்துதான் நமக்குச் சொல்லணும்."

அந்த மூட்டையே அவர் வைத்தார். நடந்து சொல்வதை யார் குறித்து வைப்பது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — செருப்பு. வருஷத்துக்கு ஒரு ஜோடி. பழசில் டேக் கட்டி, வருஷம் எழுதி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன். இரண்டு ஹீலும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் பெண் நேராக நடக்கிறாள் என்று அர்த்தம். பத்து ஜோடி ஒரே மாதிரிதான் தேய்ந்தது.

பதினோராவது ஜோடியில், இடது செருப்பின் வெளி ஓரம் மட்டும் தனியாகக் கரைந்திருந்தது.

கம்பெனியில் சோல் ஒட்டும் செக்‌ஷனில் இருக்கிற கலீம் பாயிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேஜார் ஆவாதீங்க மேடம். பொண்ணு நல்லாத்தான் இருக்குது," என்று சிரித்தார். எப்படிச் சிரிக்க முடிகிறது இந்த மனுஷரால்? வழக்கமான செக்கப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லை.

டாக்டர் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். முதல் வருஷ எக்ஸ்ரேயையும் அன்றைக்கு எடுத்ததையும் லைட் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஸ்கேல் வைத்து அளந்தார்.

"பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாதும்மா. உள்பந்து கிண்ணத்துக்கு நடுவுல இருக்குதான்னு பார்க்கணும். இருக்குது. கிண்ணத்தைச் சுத்தி எலும்புல கறுப்புக் கோடு விழுந்திருக்கான்னு பார்க்கணும். விழல. ரெண்டு படத்தையும் மாத்தி வெச்சா எது பழசுன்னு எனக்கே தெரியாது."

எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு கிண்ணம். உள்ளே ஒரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் வெறும் இருட்டு. அந்த இருட்டில்தான், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிளாஸ்டிக் என் பெண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்கூல் மாடிப்படி, மார்க்கெட், கிறிஸ்துமஸ் கேரலுக்குத் தெருத்தெருவாக நடந்தது... எங்கள் கம்பெனியில் சோலை வளைத்து வளைத்து டெஸ்ட் பண்ணும் மெஷின் ஒன்று உண்டு. எப்பேர்ப்பட்ட சோலும் அதில் ஒருநாள் வெடித்துவிடும். இதுவோ பதினோரு வருஷமாக ஒருநாள்கூட லீவு போடாமல்... மனுஷக் கை செய்ததுதானா இது? டாக்டரும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வைத்த மூட்டுதான். அவருக்கும் ஆச்சரியம் தீரவில்லை போலிருக்கிறது.

"அப்ப இந்தத் தேய்மானம், டாக்டர்?"

"அதை நீங்கதான் சொல்லணும். செருப்பு உங்க டிபார்ட்மென்ட்."

கையில் எடுத்தேன். பயம் போனதும் கண் திரும்பி வந்தது. நடந்து தேய்ந்தால் வழவழவென்று இருக்கும். இதில் இருப்பவை கீறல்கள்! எல்லாம் ஒரே திசையில். தார் ரோட்டில் இழுபட்ட கீறல்கள். இருபது வருஷ சர்வீஸில் இதைக்கூடக் கண்டுபிடிக்காமல் விட்டேனே!

"எஸ்தர்... இன்னா வண்டி?"

எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மொபெட்மா. பிரேக் போட மறந்து காலை ஊனிடறேன். ரெண்டு மாசம்தான் ஆவுது."

"எங்க வெச்சிருக்க?"

"கலீம் பாய் வீட்ல."

பாய் சிரித்த சிரிப்பு இப்போது விளங்கியது.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ வண்டிக்கும் டேக் கட்டுவ."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஓட்டட்டும்மா. விழாம ஓட்டட்டும். அடுத்த வருஷமும் வரணும். நல்லா இருந்தாலும் வரணும்."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிற்க வைத்துவிட்டு, பின் தெருவில் இருக்கும் பாய் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துவந்தாள். செருப்புப் பெட்டியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏறும்மா."

நடந்தே வருகிறேன் என்றேன். ஆட்டோவில் வருகிறேன் என்றேன். கடைசியில் ஏறினேன். பைபாஸ் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பயத்தில் நான் இறுகப் பிடித்துக்கொண்டது எதைத் தெரியுமா?

அவளுடைய இடது இடுப்பைத்தான்!