வடக்க போகத் தெக்க போனவர்

பிளேன் டிக்கெட் போடுற கடையில டிக்கெட் போடுறது கொஞ்ச வேலைதான்; "எம்புட்டு தூரம், எம்புட்டு நேரம்"னு கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் மீதிப் பொழுது. கவுன்டருக்குப் பின்னால உட்கார்ந்து பிழைக்கிற யாருக்கும் இது புதுசில்லை. நான் பத்தாவதோட படிப்பை விட்டுட்டு சிவகாசியில ஒரு டிராவல்ஸ்ல சேர்ந்தவ. இதுவரைக்கும் பிளேன்ல ஏறினதில்லை. அதைக் கேட்காதீங்க.

பக்கத்து ஊருக்கு ஒரு பிளேன்

காலண்டர் அச்சடிக்கிற முதலாளி ஒருத்தர் வந்தார். மதுரையில இருந்து தூத்துக்குடிக்கு பிளேன் உண்டான்னு கேட்டார். ரெண்டு ஊர்லயும் ஏர்போர்ட் இருக்கே, அதனால. இல்லைன்னேன். அப்படி ஒண்ணு விட்டா எம்புட்டு நேரம் ஆகும்னார். யோசிச்சுப் பார்த்தேன். ரோட்டுல மூணு மணி நேரம், ஆகாசத்துல இருபது நிமிஷம். சொல்லிட்டு நானே வாயைப் பிளந்தேன். அவர் அசரலை. "மேல ஏறி மிட்டாய் குடுக்கிறதுக்குள்ள எறக்கி விட்ருவான். இதுக்கு என் காரே போதும்."

தெக்கயா, வடக்கயா

மாடசாமி அண்ணாச்சி அச்சங்குளத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில ஃபோர்மேன். ஒருநாள் காலையில, கையில அலுமினியப் பவுடர் மினுங்க, வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தார். ஒரே மகன் துபாய்க்கு வேலைக்குப் போறான். ரெண்டு வருஷத்துக்கு வர முடியாது. சென்னையில இருந்து நாளைக்குக் கிளம்புறதா இருந்தவனை, இன்னைக்கு ராத்திரியே கிளம்பச் சொல்லிட்டாங்களாம். பஸ்ஸுல போனா, போய்ச் சேரவே ராத்திரி ஆயிரும்; அவன் ஏர்போர்ட்டுக்குள்ள போயிருவான். அதுக்குள்ள அவன் முகத்தைப் பார்க்கணும்.

மதுரை பிளேன்ல இடமில்லை. தூத்துக்குடியில இருந்து மத்தியானம் ஒண்ணு இருந்தது. "கோவில்பட்டி வழியா ரெண்டு மணி நேரம், உடனே கிளம்புங்க"ன்னேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெட்ராஸ் வடக்க கெடக்கு. நீ என்னையத் தெக்க போகச் சொல்ற. பத்தாவதுல எதுல தாயி பெயிலு?"

தீப்பெட்டி

கணக்குலதான். அப்படியே சொன்னேன். பூகோளம் இல்லைன்னதும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மருந்துக் கையோட போனா ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சுக்குவான், சோப்புப் போட்டுக் கழுவுங்கன்னு விரட்டிட்டு, காருக்குச் சொன்னேன். பார்த்தா சட்டைப் பையில தீப்பெட்டி. பிளேன்ல ஆகாதுன்னு பிடுங்கி வச்சேன். கார்ல ஏறி உட்கார்ந்தும் அவருக்கு ஆறலை. "தீப்பெட்டிய வாங்கிட்டு பீடிய விட்டுட்டியே, இத நான் மென்னா திங்க?"

மேகத்துக்கு மேல

அன்னைக்கு எனக்கு வேலை ஓடலை. மகனைப் பார்க்கப் போறவரை எதிர்த்திசையில அனுப்பி வச்சிருக்கேன். பார்க்க முடியாமப் போச்சுன்னா, பழி என் தலையில.

சாயங்காலம் மகனோட செல்லுல இருந்து கூப்பிட்டார். அவர் இறங்கின கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்துலதான் அவன் பெட்டியோட நின்னானாம். ரெண்டு பேரும் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. "மகனை வச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்குப் பேசுறீக, வைங்க"ன்னேன். வைக்கலை. குரல், சாமி சன்னதியில பேசுற மாதிரி தணிஞ்சிருந்தது. "தாயி, கீழ ஒரே மூடாப்பு. அதத் தாண்டி மேல போனா வெயிலு. அம்புட்டும் வெயிலு. இங்கன ஒரு மேகத்தக் கண்டா வெடி காயாம வேலையில்லாமக் கெடக்கோம். அங்கன ஒருநாளும் மழையே கெடையாது போல."

அன்னையில இருந்து டிக்கெட் வாங்குற எல்லாரையும் ஜன்னலோரமா உட்காரச் சொல்லித்தான் அனுப்புறேன். திரும்பி வந்ததும் கேட்டா, அம்புட்டுப் பேரும் தூங்கிட்டோம்ங்கிறாக.