காயாத வசனம்

ராசிபுரம் பேருந்தின் ஜன்னலில் புளித்த மரவள்ளி வாடை அடித்ததும், கைப்பேசியில் வேதவசனங்களைத் தள்ளிக்கொண்டிருந்த என் விரல் நின்றது. இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட கிழங்கு மில் களத்தில், அங்கே வேலை பார்த்த, எழுதப்படிக்கத் தெரியாத அம்மாவுக்குச் சிறுவயதில் தினமும் காலையில் ஒரு வசனம் வாசிப்பேன். அதையே முணுமுணுத்துக்கொண்டு, கண்கூசும் வெயிலில், காயப்போட்ட ஈரக் கிழங்கு மாவைப் பலகையால் இழுத்தும் புரட்டியும் பொழுதெல்லாம் நடப்பாள். மூன்றாம் நாளும் அதே வசனம்தான் கேட்பாள். அடுத்த பக்கம் போகத் துடிக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது.

“இரு சாமி, நேத்து வாசிச்சதே இன்னும் காயலையே” என்பாள், மாவில் கை வைத்துப் பார்த்தபடி.

வேதம் முழுவதையும் ஒரே வருடத்தில் முடிக்கும் திட்டத்தில் மூன்றாம் முறையாக ஓடிக்கொண்டிருக்கிறேன். சற்றுமுன் வாசித்தது என்னவென்று யோசித்தேன். அதற்குள் விரல் அடுத்ததைத் தள்ளிவிட்டது.