கழுவி வைத்த நான்கு மூடிகள்

என் கணவருக்கு வாய் நீளம், பார்வை குறைவு. கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவாராம், அதனால் போட மாட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பிட்டராக இருந்தவர். இந்த லயத்து வரிசை வீடுகளில் இயந்திரத்தைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. நான் சொல்லவே முடியாது.

எங்கள் வீட்டோரத் தகரக் கொட்டகையில் ஒரு பழைய காடி நிற்கிறது. காரை இங்கே காடி என்றுதான் சொல்வோம். தோட்டத்துத் துரை வைத்திருந்த காடி அது, என் அப்பா அதற்கு டிரைவர். துரை தன் நாட்டுக்குக் கிளம்பியபோது அப்பாவுக்கே விற்றுவிட்டுப் போனார். சொந்தமான பிறகும் அப்பா ஸ்டீயரிங்கை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கண் மங்கி ஓட்டுவதை நிறுத்தியபோது காடியும் நோயில் விழுந்திருந்தது. ஆக, அந்தக் காடியின் பின்சீட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

போன வருடம் கோலாலம்பூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். மலைக்குளிர் அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாது, நவராத்திரி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். இனிமேல் அங்கேயேதான். அப்பா மறுக்கவில்லை.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ நம்ம காடில பின்னால உக்காந்து தானா ராத்தா டவுனுக்குப் போய்ட்டு வரணும் பாப்பா. துரை மாதிரி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் சிரிப்பில்லை.

"நான் ஓட வெக்கிறேன் மாமா" என்று என் கணவர் வாக்குக் கொடுத்தார்.

எஞ்சினுக்குள் டொக் டொக் என்று சத்தம். பேரிங் தேய்ந்துவிட்டது என்றார். அடியில் அட்டை விரித்துப் படுத்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, பிஸ்டன்களைத் தாங்கும் நான்கு ராடுகளின் மூடிகளையும் அவிழ்த்தார். அந்த மூடிக்குள்தான் பிறை மாதிரி வளைந்த பேரிங் தகடு உட்காருகிறது. ஒவ்வொரு மூடியும் அதனதன் ராடுக்குத்தான் பொருந்தும், மாற்றிப் போட்டால் எஞ்சின் போய்விடும். அதனால் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி ஒரு பேசினில் வைத்தார். ஈப்போவிலிருந்து புதுத் தகடுகள் வந்து சேருவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

முந்தின நாள் அவரேதான் சொன்னார்: "கொட்டகைல உள்ள சாமான் எல்லாத்தயும் கழுவி வை. அழுக்கோட வெச்சா சாமிக்குத்தம் லா."

எல்லாத்தயும் என்றால் எல்லாவற்றையும்தானே? ஸ்பேனர், சுத்தியல், மூடிகள் என்று ஒன்று விடாமல் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். சாக்கட்டி எழுத்து போய்விட்டது. ஆனால் மூடியின் பக்கவாட்டில் கெட்டியாக அப்பியிருந்த கறுப்பு விலகியதும் அடியில் இரும்பிலேயே சின்னதாக ஓர் எண் குத்தியிருந்தது. நான்கிலும் இருந்தது. காடியைச் செய்தவன் எங்களை விட விவரமானவன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சந்தனப் பொட்டு வைத்துத் தட்டில் அடுக்கினேன்.

மறுநாள் சுண்டலுக்கு லயத்துச் சனம் பாதி கூடியிருந்தபோது அவர் தட்டைப் பார்த்தார்.

"எருமை! நம்பர அழிச்சிட்டியா? உங்கப்பன் துரை காடியக் கழுவிக் கழுவியே காலத்த ஓட்டுனான். உனக்கும் அந்தக் கழுவுற புத்திதான் வரும்!"

அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

"என்னங்க, அதுலயே நம்பர்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு! எஞ்சினப் பத்தி இனிமே ஒரு வார்த்த பேசுன, பல்லு கொட்டிப்போவும்!"

அப்பாவைப் பார்த்தேன். அவர் சுண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ள சொல்றதும் சரிதான பாப்பா. நீ ஏன் அதத் தொட்ட?" என்றார்.

என் கணவர் திட்டியது கூடப் பழகிய திட்டு. அப்பா சொன்னதுதான் நெஞ்சைச் சுட்டது. சரி, வாயை மூடிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மூடிகளைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "முப்பது வருசக் கை, தெரியாதா?" என்று அவராகவே வரிசைப்படுத்தினார். அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடிக்கக் கூப்பிட்டார். நானும் குனிந்து வெளிச்சம் காட்டினேன். மூன்று என்று குத்தியிருந்த மூடியை இரண்டாவது ராடில் வைத்து முடுக்கினார். கண்ணாடி போடாத கண்ணுக்கு அது தெரியவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"டார்ச்ச ஆட்டாத" என்றார். நான் ஆட்டவே இல்லை.

கையால் சுற்றிப் பார்த்தபோது எஞ்சின் இறுக்கமாக இருந்தது. "புது பேரிங் அப்படித்தான் லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சனிக்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட சப்பாத்துமாக நின்றார். என் கணவர் பின்கதவைத் திறந்து, "ஏறுங்க துரை" என்றார். அப்பா ஏறி உட்கார்ந்து, சீட்டை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவினார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். கொஞ்சம் சத்தம் வரும், சனங்கள் முன்னால் இவர் மூக்குடைபடுவார், அப்பாவைப் பிறகு கூட்டிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மறுநாள் அண்ணன் வருவதை மறந்துவிட்டேனா என்று கேட்டால், மறக்கவில்லை.

மேட்டில் ஏறும்போதே சத்தம் தொடங்கியது.

"மாப்பிள்ள, நிறுத்துங்க. இது நல்ல சத்தமில்ல" என்றார் அப்பா.

"பழகிரும் மாமா" என்று அவர் இன்னும் மிதித்தார். தானா ராத்தாவுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது அடியில் இடி விழுந்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. ரோடெல்லாம் எண்ணெய். ராடு உடைந்து எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்று நின்று கயிறு கொடுக்கும்வரை அப்பா பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் என் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியில் நுழைந்தார். மிஞ்சிய மூடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"இதுல நம்பர் குத்திருக்கே. கழுவறப்ப நீ பாக்கலியா?"

"பாத்தேன். எஞ்சினப் பத்திப் பேசக்கூடாதுன்னீங்களே."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கத் தேன் குடித்த மாதிரி இருந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் இருந்தது. அதன் பிறகுதான் வாசற்படியில் அப்பா நிற்பதைப் பார்த்தேன்.

"பாப்பா, நானுந்தான அதுல உக்காந்திருந்தேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அப்பா என் கணவரின் கையைப் பிடித்து, "வரேன் மாப்பிள்ள" என்றார். பையை அண்ணன் காடியில் வைத்துவிட்டு அப்பாவின் கிட்டே போனேன், அதற்குள் அவர் உள்ளே உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வாரா வாரம் போன் போடுகிறேன். அண்ணிதான் எடுக்கிறாள். "மாமா தூங்குறாரு" என்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலேயே அப்பா இருமுவது கேட்கிறது.