போனவன் பங்கு

ருமேனியாவில் நான் சிமெண்ட் சுமந்த ஊரில் மேஸ்திரி ஹங்கேரி மொழிக்காரர். அரைகுறை ஆங்கிலத்தில்தான் எங்கள் பேச்சு. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் எல்லை மாறி, அவருடைய தாத்தாவின் ஊர் ருமேனியாவுக்குள் வந்துவிட்டது. தாத்தா ஹங்கேரிக்காரனாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். விட்டுப்போன நிலத்தை ருமேனிய அரசாங்கம் எடுத்து உழுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அவரைப் போல நிறையப் பேர். நிலத்தைக் கேட்டு அவர்கள் போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் பண விவரம் தெரிந்த ஒருவரை இரண்டு நாட்டுக்கும் நடுவே தூது அனுப்பினார்களாம். ரயிலும் ஓட்டலுமாக அலைந்தார். யார் பக்கம் நியாயம் என்று அவர் கேட்கவே இல்லை. பணம் எங்கிருந்து வரும் என்று மட்டும் பார்த்தார். நிலம் இழந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிதி வைத்தார்கள். தாத்தாவுக்கு நிலத்துக்குப் பதில் கடன்பத்திரம் வந்தது.

எனக்கு அந்தத் தூதரைப் பிடித்துப்போனது. பெட்டியைக் கீழே வைக்காத ஆள்.

ஊர் திரும்பினால், குருவிகுளம் பக்கம் எங்கள் இருவருக்கும் பொதுவான மானாவாரிக் காட்டில் அண்ணன் மக்காச்சோளம் போட்டிருந்தான். மூலையில் புதிதாக ஒரு காற்றாலை. வாடகையும் அவனுக்குத்தான். ஒரு அறை கட்டி அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் வந்திருந்தேன்.

"நீயாத்தானலே போன? யாரும் வெரட்டுனாவளா?" என்றான் அண்ணன்.

"போனா பங்கும் போயிருமா?"

"மழ பொய்ச்ச வருசம் எங்கன இருந்த? அத மட்டும் சொல்லு."

எனக்கே நினைவில்லை. சூரத்தாக இருக்கலாம்.

தினமும் இதே சண்டை. ஒருநாள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அந்தத் தூதர் ஞாபகம் வந்தது. நேரே வீட்டுக்குப் போனேன்.

"காத்தாடி வாடகை எனக்கு, வெள்ளாம ஒனக்கு. யாரும் யாருக்கும் குடுக்க வேண்டாம்."

"காடு யாருது?"

"அதப் பேசவே வேண்டாம்."

மதினி சிரித்தாள். "சீமைக்குப் போயி இதத்தான் படிச்சிட்டு வந்தீயளாக்கும்!"

அண்ணன் உடனே சம்மதித்தான். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்ததும், "காத்தாடிப் பக்கத்துல ஒரு ரூம் போட்டுக்கிடுதேன்" என்றேன். அது சொல்லாமலே சேர்ந்தது என்று நினைத்திருந்தேன்.

"அது பேச்சுல இல்லையேலே. நீதான வாடகை போதும்ன?"

அவன் கோபப்படவில்லை. தோளில் கை போட்டான். "எப்ப வேணும்னாலும் வா. சாப்பிடு, படு. இருக்க வந்துட்டேன்னு மட்டும் சொல்லாத."

வாடகை ஒழுங்காக வருகிறது. இந்த வருஷம் பணம் ஏறியதாகக் கைப்பேசியில் செய்தி வந்தபோது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றேன். குருவிகுளம் பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. அது கிளம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வேறு பக்கம் போகும் ராஜபாளையம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.