அழகுமுத்து தூக்கி வந்த அடிக்கல்

அழகுமுத்துவை யாராவது "பாவம், கோமாளி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம்! இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்துக்கு நாற்பத்திரண்டு வருடமாக அவன்தான் கோமாளி. எத்தனையோ ரதி, மன்மதன் மாறிவிட்டார்கள். அவன் மாறவில்லை.

பதினாறு வயதில் முதல்முதலாக இறங்கியபோதே, பார்க்க வந்திருந்த தோட்டத்துத் துரைக்கு முன்னால், துரையைப் போலவே இடுப்பில் கைவைத்து, இல்லாத நாயை இழுத்துக்கொண்டு நடந்தான். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் மூன்று நாளைக்கு வேலை இல்லை என்று விரட்டினார்கள். நான்காம் நாள் அதே நடையோடு வந்து வரிசையில் நின்றான். அவ்வளவு திமிர்.

பிறகு கங்காணி, கணக்கப்பிள்ளை, எல்லா நோவுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டிஸ்பென்சர் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியாகப் பிடித்தது கட்சித் தலைவரை. தேர்தலுக்குத் தேர்தல் வந்து, லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு என்று அடிக்கல் நாட்டிவிட்டுப் போவாரே, அவரைத்தான். அழகுமுத்து ஒரு கருங்கல்லைத் தலையில் சுமந்து வந்து, "இதை எங்கய்யா வைக்கிறது? போன தடவை வச்ச எடத்துல மாடு மேயுதே!" என்பான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இந்த வருடம் கூத்தின் கடைசி நாளான காமன் எரியும் நாளுக்கு அந்தத் தலைவரே விருந்தாளி. மூன்று நாள் முன்னதாக அவருடைய ஆள் கஜேந்திரன் வந்தான்.

"அண்ணே, வீட்டுப் பட்டியல் எழுதுறோம். காமன் எரியுற அன்னைக்கு ஹட்டன் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க. வரலைன்னா பேரு இல்ல."

எங்களுக்கெல்லாம் மறுவாரம் தோட்டத்திலேயே கையெழுத்து. இவனுக்கு மட்டும் ஹட்டன்! காப்புக் கட்டியவன் காமன் எரியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கூத்தில் ஏற முடியாது. அது தெரிந்துதான் அந்தப் பயல் நாள் குறித்தான்.

அழகுமுத்து குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு இரண்டு முறை சரிந்திருக்கிறது. மழை பிடித்தால் அவன் மனைவி நாகலெட்சுமி கண் மூடமாட்டாள். அதனால் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்தோம்.

"என்னைய என்ன பாக்குறீங்க?" என்று அவள் வெடித்தாள். "காப்பை அவுத்துட்டு வாங்குற வீட்டுல எனக்குச் சோறு எறங்குமா? நீங்க ஆடுங்க!"

ஆடினான். தலைவர் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நேராக அவர் காலடியில் கல்லை இறக்கி, "தலைவரே, இந்தத் தடவை நீங்களே காவல் இருங்க. மாடு தள்ளிட்டுப் போயிரப் போவுது!" என்றான். தலைவர் எழுந்து வாகனத்துக்குப் போய்விட்டார்.

மறுவாரம் கஜேந்திரன் கோயில் முன்னால் பட்டியலை வாசித்தான். அழகுமுத்துவின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டோம். ஆமாம், நானும்தான். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அழகுமுத்து ஆரம்பித்தான். என்னைப் போலவே முதுகைக் கூனி, இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை பார்த்து, இல்லாத பேனாவை உதறி, கையெழுத்துப் போட்டுக் காட்டினான். லயமே சிரித்தது.

"கோவமா மச்சான்?" என்று கேட்டான்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் என் பெண்டாட்டி.