தண்ணீரில் குறைந்த இரண்டு புள்ளி

பாடநூல் அச்சகத்தில் அவளுக்குப் பிழை திருத்தும் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வேதியியல் புத்தகம் முதன்முதலாக மேசைக்கு வந்தபோது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாததை எப்படித் திருத்துவது என்று பாடத்தை நான்கு தடவை படித்தாள். அணுவின் வெளிச்சுற்றில் இருக்கும் எலக்ட்ரான்கள்தான் எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் செய்கின்றன. சோடியம் தன் ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட, உப்பு உண்டாகிறது. ஆக்சிஜனிடம் ஆறு, இரண்டு ஹைட்ரஜனோடு ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு எட்டாக்கிக்கொள்கிறது, அதுதான் தண்ணீர். அன்றிலிருந்து எலக்ட்ரான் படம் வந்தால் புள்ளிகளை எண்ணாமல் விடமாட்டாள். அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா.

ஒரு வருடம் வந்த வேதியியல் புத்தகத்தில் தண்ணீர்ப் படத்தின் ஆக்சிஜனைச் சுற்றி ஆறு புள்ளிதான் இருந்தது. வட்டம் போட்டுப் பதிப்பாசிரியரிடம் கொண்டுபோனாள்.

"சார், ரெண்டு புள்ளி குறையுது."

"அந்த ரெண்டு புள்ளி கீழே இருக்கற வரில முட்டுச்சும்மா. அதான் எடுத்துட்டோம்."

"எடுத்தா அது தண்ணியே இல்ல சார். ஹைட்ரஜனோட பங்கு போட்டது போக நாலு மிச்சம் இருக்கணும்."

"உங்க வேலை எழுத்து பாக்கறது. படத்தை நாங்க பாத்துக்கறோம்."

பன்னிரண்டாயிரம் பிரதிகள் போயின. பள்ளிகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கியதும் பதிப்பாசிரியர் கையைப் பிசைந்தார். புத்தகங்களைத் திரும்ப வரவழைத்து, சரியான படத்தைத் தனித்தாளில் அடித்து ஒட்டுவதென்று முடிவாயிற்று. ஒட்டுவதற்கு அவளையும் உட்கார வைத்தார்கள்.

முதல் கட்டுத் தாளைப் பிரித்ததும் எண்ணினாள். விட்டுப்போன இரண்டு புள்ளியை ஆக்சிஜனுக்கு வைக்காமல் ஒரு ஹைட்ரஜனின் தலையில் வைத்திருந்தார்கள். ஹைட்ரஜனுக்கு இரண்டுக்கு மேல் இடமே கிடையாது.

அவள் இந்த முறை பதிப்பாசிரியரைத் தேடிப் போகவில்லை. மீதித் தாள்களை அடித்துக்கொண்டிருந்த அச்சு இயந்திரக்காரரிடம் நேரே போனாள்.

"அண்ணே, நிறுத்துங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். போன வருஷப் புத்தகத்தை வச்சு நீங்களே எண்ணிப் பாருங்க."

அவர் மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு படத்தையும் எண்ணினார். பிறகு இயந்திரத்தை அணைத்தார். பதிப்பாசிரியர் வந்து பார்த்து, "சரி, மாத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு நாள் ஒட்டினார்கள். பசை காய்ந்து விரல்நுனியெல்லாம் உரிந்தது.

"நீ சொன்னப்பவே கேட்டிருந்தா..." என்று வீட்டில் கணவர் ஆரம்பித்தார்.

"நீங்க வேற. சும்மா இருங்க" என்றாள்.

அடுத்த புத்தகத்தின் திருத்தப் பிரதி வந்தபோது, படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டம். இனி அவளுக்கு எழுத்து மட்டும் வந்தால் போதும் என்று பதிப்பாசிரியர் உத்தரவு போட்டிருந்தார். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. 'படம் வராமல் கையெழுத்து இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். மூன்று தடவை அதே கட்டங்கள் வந்தன. மூன்று தடவையும் அதையே எழுதினாள். கடைசியில் ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் பதினேழு படங்கள் வந்து சேர்ந்தன. மூன்றில் தப்பு, அவற்றில் அமோனியாவுக்கு ஒரு புள்ளி அதிகம். மூன்றும் மாறி வந்த பிறகே கையெழுத்துப் போட்டாள். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.