கிழவரைச் சாகவிடாதவர்கள்

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பார்கள். எனக்கு என் அண்ணியோடு ஒரு சண்டையும் இல்லை. என் வயிற்றெரிச்சலெல்லாம் அவர் வேலை பார்க்கிற கம்பெனியின் மேல்தான்.

அண்ணி வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுகிறவர். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் அவருடைய அலுவலகம். தட்டுகளைத் தள்ளிவைத்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் தட்ட உட்காருவார். படகுக் கிழவர் பிறந்தது அங்கேதான். ஆட்களை ஆற்றின் அக்கரை சேர்க்கிறவர் அவர். ஒருவர் தனியாக விளையாடி, கதை முடிந்ததும் அணைத்துவிட்டு எழுந்து போகிற விளையாட்டு அது. கடைசியில் கிழவர் நடு ஆற்றில் செத்துப்போவார். துடுப்பை அவர் கையிலிருந்து நாம்தான் வாங்க வேண்டும். இசை கிடையாது, பேச்சு கிடையாது. அவரைக் கிடத்திக்கொண்டு கரைவரை படகை நாமே வலிக்க வேண்டும். அதை வீட்டுக் கணினியில் முதன்முதலாக விளையாடியவள் நான். மூக்கைச் சிந்திக்கொண்டே வலித்தேன். அண்ணி திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே அழப்போகுது பாருங்க அண்ணி," என்றேன்.

ஊர் அழவில்லை. விளையாட்டு வெளிவருவதற்குள் மேனேஜர் மாறிவிட்டார். புதியவருக்குத் தனியாள் விளையாட்டென்றாலே இளக்காரம்.

"ஒரு தடவை வாங்குவான், முடிப்பான், போயிடுவான். நமக்கென்ன லாபம் மேடம்? தினமும் வரணும். கூட்டமா வரணும்."

அப்படியே ஆன்லைன் ஆட்டமாக மாற்றினார்கள். ஆறு முழுக்க ஆட்கள். வாராவாரம் புது வேலை, புதுத் தொப்பி, எல்லாவற்றுக்கும் காசு. கிழவருக்கே தொப்பி வாங்கிப் போடலாம். அவர் சாவு என்ன ஆச்சு என்று அண்ணி கேட்டதற்கு, "தொப்பி வாங்கிக் கொடுத்தவங்க மனசு கஷ்டப்படும் இல்லையா?" என்றாராம் அந்த மனிதர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். என்றைக்காவது ஆட்டத்தை மூடும்போது அந்த முடிவைப் போட வேண்டும். மேனேஜர் தலையாட்டினார். அதை நம்பித்தான் அண்ணி கிழவரை வலை தைக்கவும் காணாமல்போன வாத்தைத் தேடவும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த நாளும் வந்தது. ஆள் குறைந்து, சர்வர் செலவு கட்டுப்படியாகாமல், ஆட்டத்தை மூடப்போவதாகவும் கடைசி மாலையில் கிழவர் விடைபெறுவார் என்றும் அறிவித்தார்கள். அண்ணி தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார்.

"என்ன, கிழவர் வீட்ல சம்பந்தம் பேசப் போறியா?" என்று அண்ணன் கேலி செய்தான்.

எள் போட இடமில்லை, அப்படி ஒரு கூட்டம். விட்டுப்போனவர்களெல்லாம் திரும்பி வந்து கரையில் நின்றார்கள். கம்பெனிக்காரன் இழவு வீட்டிலும் கடை விரித்துக் கறுப்புத் தொப்பி விற்றான். கிழவர் படகில் படுத்தார். அடுத்து துடுப்பு கைக்கு வர வேண்டும். அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

திரை அப்படியே நின்றது. போன் அடித்தது. மேனேஜர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"மேடம், கூட்டத்தைப் பார்த்தீங்களா? மூடலை! கிழவர் எழுந்திரிக்கிற மாதிரி ரெண்டு வரி எழுதி உடனே அனுப்புங்க!"

எனக்கு வந்ததே கோபம். "நாசமாப் போறவன்! முடியாதுன்னு சொல்லுங்க அண்ணி. வேலை போனாப் போகட்டும்!"

"நான் எழுதலேன்னா வேற யாராவது எழுதுவாங்க," என்றார் அண்ணி. "அவங்களுக்கு அவர் எப்படிப் பேசுவார்னு தெரியாது."

எழுதினார். கிழவர் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, "யாருப்பா அக்கரைக்கு?" என்று கேட்டார்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அதன் பிறகு ஆள் குறையும்போதெல்லாம் கிழவருக்குச் சாவு அறிவித்தார்கள். அண்ணி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சாவு எழுதினார், பிறகு அவரே எழுப்பியும் விட்டார். இப்போது ஒருத்தரும் அழுவதில்லை. "கிழவன் மறுபடி படுத்துட்டான்டா, தொப்பி வாங்கிட்டியா?" என்று சிரிக்கிறார்கள். பாவிகள், நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பழைய வீட்டுக் கணினி எப்போதோ கெட்டுப்போய், அதிலிருந்த பழைய விளையாட்டும் போய்விட்டது. போன வாரம் அண்ணியிடம் கேட்டேன்.

"அந்த முடிவை ஒரு தடவை சொல்லுங்க அண்ணி."

"எது? எத்தனையோ எழுதியாச்சே," என்றார், தட்டிக்கொண்டே.

"முதல்ல எழுதினது. நான் அழுதேனே, அது."

தட்டுவது நின்றது. வெகுநேரம் யோசித்தார்.

"அதுல துடுப்பை யாரு வாங்குவாங்க?" என்று என்னைக் கேட்டார்.